கல்வீட்டு ஈரத்துக்கு 18 இலட்சமா?

கேள்வி: நுவரெலியாவில் அரச பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன், வயது 46. கிரகரி வாவிக்கு மேல்பக்கமாக எங்களுக்கு ஒரு பழைய கருங்கல் வீடு இருக்கிறது, உறுதி என் பெயரில். இரண்டு வருடமாக ஒரு பக்கச் சுவரில் உள்ளே ஈரம், பூஞ்சணம், பூச்சு உதிர்கிறது. பின்னால் மண்ணைப் பிடித்து நிற்கும் கல் மதில் 2025 நவம்பர் டித்வா புயல் மழைக்குப் பிறகு நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு கொந்தராத்துக்காரர் 18 இலட்சம் கேட்கிறார், கொட்டேஷனை இத்துடன் அனுப்புகிறேன். நிலையான வைப்பில் 12 இலட்சம் உண்டு. அதை உடைத்து மிச்சத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதா, முழுவதையும் வங்கியில் கடனாக எடுப்பதா? கனடாவில் இருக்கும் தம்பி, சுவர் முழுக்க சீலர் (நீர்த்தடுப்பு மருந்து) அடித்தால் போதும் என்கிறான். ஏப்ரல் சீசனுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் யோசனையும் இருக்கிறது.

பதில்: டீச்சர், எந்தப் பணத்தை எடுப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கொட்டேஷனை மூன்று தரம் வாசித்த பிறகு எனக்கு வந்த சந்தேகம் வேறு. முன்சுவரில் அலங்காரக் கல் ஒட்ட 6.5 இலட்சம். பழைய பூச்சையும் கல் இடுக்குகளையும் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசி, அதற்கு மேல் நீர்த்தடுப்பு மருந்து அடிக்க 5.4 இலட்சம். பின் மதிலை இடித்துக் கட்ட 4.3 இலட்சம். கடைசியில் ‘ஏனைய வேலைகள்’ என்று ஒரு வரி, 1.8 இலட்சம், அது என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. சரி, பீலி எங்கே? வீட்டைச் சுற்றிய கான் எங்கே? ஈரத்துக்கு வைத்தியம் என்று எழுதிய காகிதத்தில் தண்ணீர் எந்த வழியால் போகும் என்று ஒரு சொல்லும் இல்லை. தேயிலை மலையில் கான் வெட்டாமல் மண்ணை நிறுத்த முடியாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வீட்டுச் சுவருக்கும் அதே கதைதான். அந்தக் காகிதத்துக்காக ஒரு ரூபாவும் கடன் எடுக்காதீர்கள்.

தம்பி சொல்வதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர் சொல்வது அவருடைய ஊருக்குப் பொருந்தக்கூடியது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் குளிர்காலத்தில் சுவருக்குள் போன தண்ணீர் உறைகிறது. உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும், பிறகு உருகும், மறுபடி உறையும், ஒரே குளிர்காலத்தில் இது பல தடவை நடப்பதால் செங்கல்லின் முகமே செதில் செதிலாகக் கழன்று விழும். நமக்கு 1,868 மீற்றர் உயரத்தில் ஜனவரி விடியலில் புல்லில் வெள்ளைப் பனி படுகிறது, கொழுந்து கருகுகிறது, உண்மைதான். ஆனால் வெயில் ஏறினால் அது போய்விடும், ஒரு முழச் சுவருக்குள் போய் உறைகிற குளிர் இங்கே இல்லை. நம் சுவரைக் கெடுப்பது உறைபனி அல்ல, மாதக்கணக்கில் காயாத ஈரம். மழை, மூடுபனி, வாவியிலிருந்து ஏறும் குளிர்காற்று, இதெல்லாம் சேர்ந்து சுவர் உலர நேரமே கொடுப்பதில்லை.

அத்தோடு மலைநாட்டுக் கருங்கல் தண்ணீர் குடிக்கிற கல் இல்லை. தண்ணீர் போவதும் வருவதும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து வழியாகத்தான். கல்லின் முகத்துக்கு சீலர் அடிப்பது குடைக்கு மழைக்கோட்டுப் போடுகிற வேலை, இடுக்குக்கும் சேர்த்து அடித்தாலோ உள்ளே போன ஈரம் வெளியே வர இருந்த ஒரே வழியும் அடைபடும்.

கவர்னர் வில்லியம் கிரகரி அந்த வாவியை அமைத்தது 1873இல். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு வெகுகாலமும் இங்கே கல்வீடு எழும்பியது சுண்ணாம்புச் சாந்தில். சுண்ணாம்பு மெத்தென்றிருக்கும், ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சுவர் கொஞ்சம் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். அதன் மேல் கெட்டிச் சீமெந்தைப் பூசினால் என்ன நடக்கும் என்பதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். நானுஓயாவில் அப்பாவின் வீட்டுக்கு ஒரு மேசனைக் கூப்பிட்டு, இடுக்கெல்லாம் சீமெந்து போட்டு, கோடு இழுத்து, பார்க்க லட்சணமாக முடித்தோம். மூன்றாவது மழைக்கு அந்தக் கோடு கீற்றுக் கீற்றாகக் கழன்று வந்தது. பின்னால் விரலை விட்டுப் பார்த்தால் பழைய சுண்ணாம்பு ஈரப் புட்டுமாதிரி உதிர்கிறது. அதைக் கொத்தி எடுப்பதற்கு, போட்டதற்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கூலி கொடுத்தேன். உங்கள் கொட்டேஷனில் இருக்கும் அந்த 5.4 இலட்சம் அதே வேலைதான், மேலே மருந்து வேறு.

ஆகவே செலவை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு சோதனை, இரண்டுக்கும் காசு இல்லை. ஈரமான சுவரில் உள்பக்கம் ஒரு முழ அகலப் பொலித்தீன் துண்டை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி மூன்று நாள் விடுங்கள். துண்டின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நின்றால் அது உங்கள் சமையல் ஆவியும் மூச்சும், ஜன்னல் திறக்காத பிரச்சினை, அதற்கு மேசன் தேவையே இல்லை. அடுத்து, வெளியே ஒரு பழைய சாவியால் கல் இடுக்கைச் சுரண்டுங்கள். சாவி நகத்தளவு போய் நின்றால் சாந்து நன்றாக இருக்கிறது. மண்ணாக உதிர்ந்து சாவி பாதி உள்ளே போனால் அந்த இடத்துக்கு மட்டும் சோக்கால் வட்டம் போடுங்கள். முழுச் சுவரிலும் வட்டம் விழுவது அபூர்வம், பெரும்பாலும் பீலி ஒழுகும் மூலைக்குக் கீழேயும், நிலத்திலிருந்து இரண்டு அடி உயரத்துக்குள்ளும்தான் விழும்.

இப்போது வேலையின் வரிசை. முதலில் பீலியும் கானும், அதுவும் இந்த மாதமே. என் மதிப்பில் ஒன்றரை இலட்சத்துக்குள் முடியலாம், சம்பளத்திலிருந்தும் கையிருப்பிலிருந்தும் கட்டிவிடுங்கள். சுவரோரம் மண் உயர்ந்து கிடந்தால் உள்தரை மட்டத்துக்குக் கீழே வரும்வரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், பூச்செடிப் பாத்தி இருந்தால் அதுவும் போகட்டும்.

அடுத்தது மதில். இதைத் தள்ளிப்போட வேண்டாம், கடன் எடுத்தாவது உடனே செய்யுங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். வயிறு தள்ளின மதில் என்றால் பெரும்பாலும் பின்னால் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். மதிலில் நீர் வடியத் துளை இருக்கிறதா, இருந்தால் பாசியும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஓர் ஆணி அடித்து, நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள், இரண்டு வாரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறினால் அந்த மதிலுக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது, கொந்தராத்துக்காரருக்கு முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். டித்வாவுக்குப் பிறகு இந்த மலையில் மண்ணைப் பற்றி ஊகத்தில் முடிவெடுக்கும் தைரியம் எனக்கில்லை. மதில் நகராமல் நின்றாலும், மாநகர சபையில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பின்னால் சல்லிக்கல் நிரப்பி, வடிதுளை வைத்துக் கட்டுவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 4.3 இலட்சம் என்ற விலையில் அந்த இரண்டும் அடங்குகிறதா என்று கேளுங்கள், காகிதத்தில் இல்லை.

மூன்றாவது, நீங்கள் வட்டம் போட்ட இடுக்குகள். பெப்ரவரி, மார்ச்தான் நமக்கு ஓரளவு காய்ந்த காலம், அப்போது செய்யுங்கள். இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குக் கையால் கொத்தி எடுத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்து வைத்து, இரவில் ஈரச்சாக்கும் அதன் மேல் பொலித்தீனும் போட்டு மூட வேண்டும். அரைக்கும் மிஷினை உள்ளே விட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். சுத்தச் சுண்ணாம்பில் வேலை செய்யத் தெரிந்த மேசன் கிடைப்பது கஷ்டம்தான். கிடைக்காவிட்டால் ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற மென்கலவைக்கு நான் ஒத்துக்கொள்வேன், சுத்தவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும். இரண்டரை இலட்சம் ஒதுக்குங்கள். உள்பூச்சை அந்த மழைக்காலம் முழுக்கத் தொடாதீர்கள், சுவர் காய எடுக்கும் நேரத்தைப் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது.

அலங்காரக் கல்லையும் ‘ஏனைய வேலைகளை’யும் விட்டுவிட்டால், பீலிக்கும் கானுக்கும் 1.5, மதிலுக்கு 4.3, இடுக்குக்கு 2.5, ஆக 18 இலட்சம் 8.3 இலட்சமாக இறங்கிவிட்டது, அதில் ஒன்றரை உங்கள் கையிலேயே இருக்கிறது. மிச்சம் 6.8.

வைப்பை உடைக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் உடைத்தால் ஒத்துக்கொண்ட வட்டியை வங்கி குறைத்துக் கணக்குப் பார்க்கும். உங்களுக்கு முதல் கதவு அரச ஊழியருக்கான இடர் கடன், வட்டி 4.2 சதவீதம்தான், வேறு எங்கே கிடைக்கும்? உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு வரும், பழைய இடர் கடன் ஏதும் மீதியிருக்கிறதா என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கணக்குப் பிரிவு சொல்லும். அது போக ஒரு 4 இலட்சம் தேவைப்பட்டால் வைப்பையே பிணையாகக் காட்டிக் கடன் எடுங்கள். உதாரணத்துக்கு வைப்பு வட்டி 8, கடன் வட்டி 11 என்று வைத்தால், 24 மாதத்தில் மாதம் ஏறத்தாழ 18,650 கட்டி, மொத்த வட்டி 47,000 சொச்சத்தோடு முடிந்துவிடும், 12 இலட்சமும் அப்படியே உழைத்துக்கொண்டிருக்கும். இதையே கொந்தராத்துக்காரர் சொன்னபடி முழு 18 இலட்சத்தையும் 15 சதவீதத் தனிநபர் கடனாக ஐந்து வருடத்துக்கு எடுத்திருந்தால் மாதம் 42,800, வட்டி மட்டும் 7.7 இலட்சம். அலங்காரக் கல்லைவிட வட்டி விலை கூட.

இன்னொன்று, கேட்காத கேள்விக்குப் பதில். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்து வைக்கிறார்கள். 12 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் வருடம் 96,000, அதில் 9,600 போகிறது. சம்பளமும் வட்டியும் சேர்த்து உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். ஒரு வருடம் பிடிபடாமல் விட்டால் பாதிப் பீலிக்குக் காணும்.

இதே பிரச்சினையோடு தனியார் துறையில் இருப்பவர்களுக்கு: ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடச் சேவையும் 3 இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால் வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. ஆனால் உறுதி இல்லாத லயத்து வீட்டுச் சுவருக்கு ஓய்வுக்காலப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள், பீலியோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

வாடகை யோசனை நல்லதுதான். ஒரு இரவுக்குச் செலவு போக 4,000 மிஞ்சி, வருடத்தில் 60 இரவு போனால் 2.4 இலட்சம். அலங்காரக் கல் ஒட்டினால் அந்த 60 இரவு 90 ஆகுமா? எனக்கு நம்பிக்கையில்லை. வருகிறவர் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது பூஞ்சண வாசம்தான், முன்சுவர் எந்தக் கல் என்று அவர் பார்ப்பதே இல்லை. ஆகவே இந்த ஏப்ரலை விட்டுவிட்டு அடுத்த ஏப்ரலுக்குத் திட்டமிடுங்கள்.

கொந்தராத்துக்காரரிடம் மதிலுக்குத் தனி, இடுக்குக்குத் தனி கொட்டேஷன் கேளுங்கள், இன்னும் இருவரிடமும் கேளுங்கள். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம், சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், 10 சதவீதத்தை ஒரு தென்மேல் மழைக்காலம் கடக்கும் வரை கையில் வைத்திருங்கள். தம்பி உதவ விரும்பினால் சீலர் வாளிக்குப் பதிலாக மதிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கடன் அந்தளவுக்குக் குறையும். அம்மாவின் நகை அலுமாரியிலேயே இருக்கட்டும், இந்தக் கணக்கில் அதற்கு இடம் வரவில்லை.