லொட்ஜில் இருந்த ஆணின் படம் எங்கே?

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத்தில் விடுதிச் சுற்றிவளைப்புச் செய்தியோடு பெண்களின் படத்தைப் போட்டது பிழை என்று எழுதியிருந்தீர்கள். விபச்சாரம் சட்டவிரோதம்தானே? கலாசாரச் சீரழிவைப் பெண்ணுரிமை பேசுகிறவர்கள்தானே முதலில் எதிர்க்க வேண்டும்?

— ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பணத்துக்கு உடலுறவு கொள்வதே தன்னளவில் ஒரு குற்றம் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விபச்சார விடுதி நடத்துவது குற்றம், அது 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். தெருவில் நிற்கிற பெண்ணைப் பிடிக்கப் பொலிஸ் கையில் எடுப்பது 1841இல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். இரண்டையும் எழுதியவர்கள் வெள்ளைக்காரர். எங்கள் கலாசாரத்துக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அவர்களுடைய நாட்டிலேயே பெண்கள் இந்தப் போக்கை எதிர்த்து எழும்பினார்கள். 1864 முதல் இங்கிலாந்தில், படையினருக்குப் பால்வினை நோய் பரவுவதைத் தடுக்க என்று, தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. படைமுகாம் ஊர்களிலும் துறைமுகங்களிலும் சிவில் உடைப் பொலிஸ்காரர் ஒரு பெண்ணை விபச்சாரி என்று சந்தேகப்பட்டால் போதும், அவள் மருத்துவப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். மறுத்தால் சிறை. நோய் இருந்தால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்துவைப்பார்கள். அவளிடம் வந்துபோன படையினருக்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பரிசோதனையும் இல்லை. 1867இல் இதே மாதிரிச் சட்டம் இலங்கைக்கும் வந்தது.

பாதிரியார் ஒருவரின் மனைவியான ஜோசபின் பட்லர் 1869இல் இதற்கெதிராகப் பெண்களைத் திரட்டினார். நல்ல குடும்பத்துப் பெண் வாயால் சொல்லக் கூடாத விஷயத்தை மேடையில் பேசினார். 1870இல் கொல்செஸ்டர் இடைத்தேர்தலில் அந்தச் சட்டத்தின் ஆதரவாளர் ஒருவர் நின்றபோது, பட்லர் எதிர்ப் பிரசாரத்துக்குப் போனார். அவர் தங்கிய ஹோட்டலைக் கும்பல் சூழ்ந்துகொண்டது. கடைசியில் தோற்றது அந்த வேட்பாளர். அடுத்த வருடம் அரச ஆணைக்குழு ஒன்று எழுதியதை வாசித்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது: பெண் செய்வது வருமானத்துக்காகச் செய்யும் குற்றமாம், ஆண் செய்வது இயற்கை உந்துதலின் சிறு வரம்புமீறலாம், இரண்டையும் ஒப்பிடவே முடியாதாம்.

1886இல் சட்டம் நீங்கியது. ஆனால் அதற்கு முந்திய வருடமே இன்னொன்று வந்துவிட்டது. சிறுமிகளைக் காப்பாற்றச் சம்மத வயதை 13இலிருந்து 16 ஆக்கிய அதே சட்டம், விடுதிகளை மூடவும் பொலிஸுக்கு அதிகாரம் கொடுத்தது. பட்லரோடு நின்ற பலர் ஒழுக்கக் காவல் சங்கங்களில் சேர்ந்தார்கள். தங்க இடமில்லாமல் தெருவுக்கு வந்தது அந்தப் பெண்கள்தான்.

நீங்கள் சொல்லும் எதிர்ப்பில் எனக்குப் பயம் இதுதான், தம்பி. சிறுமிகளை விற்பவன், வற்புறுத்துபவன், ஆட்கடத்துபவன் மீது பாயத் தண்டனைச் சட்டக் கோவையில் 360இ பிரிவு இருக்கிறது. அவனைப் பிடிக்கட்டும், நான் முன்வரிசையில் நிற்பேன். நீதவான் விதித்த தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்ணின் படமோ முகநூலில் கிடக்கிறது. பிள்ளையின் வகுப்பில் யாரோ அதைக் காட்டுவார்கள். அதே அறையில் இருந்த ஆணுக்குச் செய்தியில் பெயர்கூட இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், அந்த ஆண் எங்கே என்று பத்திரிகை ஆசிரியருக்கு நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா