ஓவர்கிளாக் செய்யாவிட்டால் 12600கே தேவையா?

ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 1080பி மானிட்டர், ஓவர்கிளாக் (பிராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்யப்போவதில்லை. ஆனாலும் கேமுக்காக ஓவர்கிளாக்குக்கு ஏற்ற ஐ5-12600கே பிராசசர், இசட்690 மதர்போர்டு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஐ5-12400எஃப், பி660 போர்டு போதும்.

12400எஃப்பில் 6 கோர் (கணக்குப் போடும் மையம்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). டர்போவில் தானாகவே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். பெரும்பாலான கேம்களில் உங்களுக்கு முதலில் மூச்சு வாங்கப்போவது 3060தான், பிராசசர் இல்லை. 12600கே பெட்டியில் கூலர் வராது, அது தனிச் செலவு. 12400எஃப் பெட்டியில் வரும் கூலர் கேமுக்குத் தாங்கும். வீடியோ எடிட்டிங்கும் நிறைய உண்டென்றால் மட்டும் 12600கே-யின் கூடுதல் 4 சிறிய கோர்களுக்குப் பணம் தரலாம்.

ரேமில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம். 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டென்றால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் செருகி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3600 வேகமுள்ள டிடிஆர்4 ரேம் அந்த வேகத்தில் ஓடாது. பி660-ஐ விட மலிவான எச்610 போர்டில் டிடிஆர்4 ரேம் 3200-ஐத் தாண்டவும் முடியாது.

எஃப் மாடலில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும், 3060-இல் செருகுங்கள். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் எஃப் இல்லாத 12400-ஐ எடுங்கள், கார்டு பழுதானாலும் கணினி ஓடும்.