மீன் தொட்டியின் ஃபில்டருக்குள் என்ன போடுவது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு சிறு மீன்கள் வளர்க்கிறேன். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் இப்போது ஸ்பாஞ்ச் மட்டுமே இருக்கிறது. லிட்டருக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கும் நுண்துளைக் கண்ணாடி வளையங்களுக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டியதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணால் உங்கள் மீன்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துளைகளின் உட்சுவர்களையும் சேர்த்துக் கூட்டினால்தான் அவ்வளவு பெரிய பரப்பு வரும். மீன்கள் வெளியேற்றும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தப் பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியா. அதுவோ ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பருமன் கொண்டது. அதைவிடக் குறுகிய துளைக்குள் அது நுழையவே முடியாது. நுழையும் அளவுக்கு அகன்ற துளையிலும், வாயிலில் குடியேறியவை வழவழப்பான படலம் கட்டி அடைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அந்தப் படலத்துக்குள் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் போய்ச் சேர்வதில்லை.

உங்கள் தொட்டிக்கு எவ்வளவு பரப்பு தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 2 கிராம் தீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீன்களுக்கு அது தாராளம். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 0.8 கிராம் புரதம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், தொட்டிக்குள் போகும் நைட்ரஜன் 128 மில்லிகிராம். அதில் பாதி மீன்களின் செவுள் வழியே அமோனியாவாக வெளியேறினால், ஃபில்டர் சமாளிக்க வேண்டியது 64 மில்லிகிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் குடியேறிய பாக்டீரியா நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் நைட்ரஜனை மட்டுமே மாற்றும் என்று கையை இறுக்கி மதிப்பிட்டாலும், தேவைப்படும் பரப்பு ஒரு சதுர மீட்டரை எட்டவில்லை. நார்வேயில் உருவான, கழிவுநீர் நிலையங்களிலும் மீன் பண்ணைகளிலும் பயன்படுகிற கே1 என்னும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்களில் லிட்டருக்குச் சுமார் அரை சதுர மீட்டர் பரப்புதான் இருக்கிறது. ஒரு பண்ணைக்கே போதுமான பொருளுக்கு அவ்வளவுதான் பரப்பு என்றால், நூற்றுக்கணக்கான சதுர மீட்டரை வாங்கி வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்? பாக்டீரியாவின் எண்ணிக்கை கிடைக்கும் அமோனியாவைப் பொறுத்தது. வீட்டைப் பெரிதாகக் கட்டிக் கொடுத்தால் குடும்பம் பெருகிவிடாது. சோறு இருந்தால்தான் பெருகும்.

உண்மையில் பற்றாக்குறை வருவது ஆக்சிஜனில். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும்; அந்த 64 மில்லிகிராமுக்கு 290 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. 28 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் நிறைவாகக் கரைத்துக்கொண்டாலும் அதில் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட இருக்காது. ஆகவே நீர் நிற்காமல், எல்லாப் பக்கமும் சமமாகப் பாய வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அங்குலத்துக்கு 20 முதல் 30 துளைகள் உள்ள ஸ்பாஞ்சை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன். நீர் அதன் உடல் முழுவதும் ஊடுருவிப் போகிறது. அடைத்துக்கொண்டால் ஓட்டம் குறைவதைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. பிழிந்தால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வளையங்களின் துளை அடைத்துக்கொண்டதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சில ஆண்டுகள் ஓடிய வளையம் ஒன்றை ஒரு முறை சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன்: மேல்தோல் பழுப்பாக இருந்தது, உள்ளே புதியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை, அதன் உட்புறத்தில் எதுவும் குடியேறியதாகத் தெரியவில்லை.

கேள்வி: வளையங்களில் நைட்ரேட்டையும் நீக்கும் பாக்டீரியா வளரும் என்கிறார்களே?

பதில்: அவ்வகை பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேலை செய்வது, அதற்குக் கரிமப் பொருளும் உணவாக வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த நீர் வேகமாகப் பாயும் ஃபில்டரில் அந்த இரண்டும் போதிய அளவில் சேர்ந்து அமைவது அரிது. நைட்ரேட்டுக்கு வாரம் ஒரு முறை நீர் மாற்றுவதும், வேகமாக வளரும் செடிகளும்தான் நம்பத் தகுந்த வழி.

கேள்வி: செராமிக் வளையங்களைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவிப் போட்டேன். மூன்றாம் நாள் நீர் மங்கியது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. வளையங்கள் தரமற்றவையா?

பதில்: வளையங்கள் மேல் குற்றமில்லை. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லவே குளோரின் சேர்க்கிறார்கள். அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்ப்பதில்லை. பல வாரங்களாகக் குடியேறியவற்றில் பெரும்பகுதியைக் கழுவி அனுப்பிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இப்போது உடனே செய்ய வேண்டியவை: தீனியை நிறுத்துங்கள், ஏர் பம்பைப் போட்டுக் காற்றைக் கூட்டுங்கள், குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள், அமோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் அளந்து பாருங்கள். அமோனியா எவ்வளவு ஆபத்து என்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் ஏறக்குறைய அரை சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரே அளவு காட்டும் இரு தொட்டிகளில் ஒன்றில் மீன் பிழைப்பதும் மற்றொன்றில் சாவதும் இதனால்தான்.

இனிக் கழுவும்போது, நீர் மாற்றுவதற்காக வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே மீடியாவை, அதாவது ஃபில்டருக்குள் போட்டிருக்கும் ஸ்பாஞ்ச், வளையம் போன்றவற்றை, அலசுங்கள். நீர் காப்பி நிறத்தில் வடிந்தால் போதும், வெள்ளையாக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அலசாமல், பாதியை இப்போதும் மீதியை இரண்டு வாரம் கழித்தும் செய்வது நல்லது.

கேள்வி: லாவா கல், பயோ பால் எனப்படும் பிளாஸ்டிக் உருண்டைகள், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், பவளத் துண்டு இவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: முதல் மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சோப்பு ஏற்றிய நார் கூடவே கூடாது. பயோ பாலின் பரப்பு குறைவு. நீர் மேலிருந்து காற்றோடு கலந்து சொட்டும் ஃபில்டருக்கு அது ஏற்றது, மூழ்கிய ஃபில்டரில் இடத்தை வீணாக்கும். பவளத் துண்டு மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் ஏற்றும். ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு அது நல்லது, மென்னீர் மீன்களுக்கு ஆகாது. எந்தக் கல்லைப் பற்றி ஐயம் வந்தாலும் அதன் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

கேள்வி: ஆக்டிவேட்டட் கார்பனும் ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமமும் இதே வேலையைச் செய்யுமா?

பதில்: செய்யாது. கார்பன் நிறத்தையும் வாடையையும் மருந்தின் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், அமோனியாவைக் கண்டுகொள்ளாது. ஜியோலைட் அமோனியாவைப் பிடிக்கும், ஆனால் உப்பு பட்டால் பிடித்ததை மறுபடி நீரில் விட்டுவிடும். நோய்க்கு உப்பு போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பழைய மீடியாவை மாற்றியே ஆக வேண்டிய நிலை. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி மாற்றாதீர்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள்; நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998 இல் தெரியவந்தது. அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015 இல்தான் வெளியானது. அவற்றில் சில கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டர். புட்டியில் எந்த இனம் இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. உங்கள் ஃபில்டரில் வாழ்பவை உங்கள் நீருக்கும் வெப்பத்துக்கும் ஏற்கெனவே பழகியவை. ஆகவே பழைய மீடியாவை எடுக்காமல், அதன் பக்கத்திலேயே புதியதைப் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் சேர்ந்து ஓட விடுங்கள். அதன் பிறகு பழையதில் பாதியை எடுங்கள்; ஒரு வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகவே இருந்தால் மீதியையும் எடுக்கலாம். எடுத்ததை எறிந்துவிடாமல், புதிதாகத் தொட்டி தொடங்கும் நண்பர் ஒருவருக்கு ஈரம் காயாமல் கொடுங்கள். அவருக்குப் பல வாரக் காத்திருப்பு மிச்சமாகும்.