சென்ட்-அப்னா என்ன, ப்ராஜெக்ட்ல எழுதலாமா?

1980ல வந்த ஏர்பிளேன் படத்த ஒரு பிரிட்டிஷ் விமர்சனத்துல சென்ட்-அப் (send-up)னு எழுதிருக்காங்க, அப்படின்னா படத்த எங்கயோ அனுப்பினாங்களானு கேட்டிருந்தீங்க. அனுப்புறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க, ஒருத்தரையோ ஒரு படத்தையோ அதோட ஸ்டைல்லயே மிகைப்படுத்தி நடிச்சுக் காட்டி கிண்டல் பண்றதுதான் சென்ட்-அப். அந்தப் படமே நல்ல உதாரணம், 1957ல வந்த ஸீரோ ஹவர்னு ஒரு சீரியஸான விமானப் படத்தோட உரிமைய வாங்கி, கதையையும் நிறைய வசனத்தையும் அப்படியே வச்சுக்கிட்டு, நடிகர்கள முகத்துல சிரிப்பே இல்லாம பேச வச்சாங்க, அதனாலதான் அவ்ளோ சிரிப்பு வருது, கண்டிப்பா பாருங்க!

பெயர்ச்சொல்லா வந்தா நடுவுல சின்ன கோடு போடணும், பின்னாடி 'ஆஃப்' (of) வரும். வினைச்சொல்லா வந்தா கோடு கிடையாது. இது பெரும்பாலும் பிரிட்டிஷ்காரங்க பேச்சு, அமெரிக்கால ஸ்பூஃப்னுதான் அதிகம் சொல்வாங்க, அங்க ஒருத்தர சென்ட் அப் பண்ணிட்டாங்கன்னா ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்கனு கூட அர்த்தம் வரும், அதனால இடம் பாத்து யூஸ் பண்ணுங்க.

உங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல மட்டும் இதே மாதிரி கிண்டலக் குறிக்கிற பாரடி (parody)னே எழுதிடுங்க, சென்ட்-அப் பேச்சு வழக்கு, ஃபார்மல் கட்டுரைல ஒட்டாது. ப்ளாக், ரிவ்யூன்னா தாராளமா போடலாம்.