போன வாரம் எதில் பாட்டு கேட்டீர்கள்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பல வருடமாக என்னிடம் இருக்கின்றன. பாட்டு மட்டும் இன்னும் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்துதான் போகிறது. இனி உயர்தரமாக ஒரு டிஜிட்டல் சோர்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். சிடியைப் படித்து மட்டும் கொடுக்கிற சிடி டிரான்ஸ்போர்ட், இணையத்திலிருந்து பாட்டை எடுக்கிற ஸ்ட்ரீமர், யூஎஸ்பி டிஏசி, எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: போன வாரம் நீங்கள் எதில் பாட்டு கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆசைப்பட்டதைச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டதைச் சொல்கிறேன். அலமாரியில் முந்நூறு சிடி இருந்தும் கை போனுக்குத்தான் போகிறது என்றால், சிடி டிரான்ஸ்போர்ட் அலமாரிக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் சோர்ஸ் என்று நாம் சொல்வதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. வட்டிலிருந்தோ கோப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ எண்களை எடுத்து வருவது ஒன்று. அந்த எண்களை ஆம்ப்புக்குப் புரிகிற மின்னழுத்தமாக மாற்றுவது இன்னொன்று, அதுதான் டிஏசி. மூன்றாவது, எந்தப் பாட்டு வேண்டும் என்று நாம் தேடிச் சொல்கிற ஆப். கடைக்காரர்கள் இரண்டாவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், மூன்றாவதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். நிலவரமோ தலைகீழ். டிஏசி சிப்புகள் எப்போதோ நம் காதைத் தாண்டிப் போய்விட்டன, ஒழுங்காக வடிவமைத்த சாதாரண டிஏசியிலேயே இரைச்சலும் ஒலிச் சிதைவும் கேட்கும் எல்லைக்குக் கீழே இருக்கின்றன. ஆப் நன்றாக இல்லையென்றால் நீங்கள் பாட்டு கேட்பதே குறைந்துவிடும்.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். கனமான அலுமினிய உடம்போடு ஒரு ஸ்ட்ரீமர் ஆசையாக வாங்கினேன். சில வருடத்தில் கம்பெனி அதன் ஆப்பைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது, நான் போனை மாற்றினேன், புதுப் போனில் ஆப் ஏறவில்லை. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதனிடம் 'இந்தப் பாட்டைப் போடு' என்று சொல்ல வழியில்லை! இப்போது அது டிவியின் ஆப்டிகல் ஒயரை வாங்கிக்கொண்டு வெறும் டிஏசியாக வேலை பார்க்கிறது.

அதனால் என் வழி இது: சீக்கிரம் பழசாகும் பாகமும் (ஆப்) மெதுவாகப் பழசாகும் பாகமும் (டிஏசி) ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. உங்களிடம் லேப்டாப் ஏற்கெனவே இருப்பதால், முதலில் ஒரு யூஎஸ்பி டிஏசி மட்டும் வாங்குங்கள். லேப்டாப்பை அந்த வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பிறகு தோன்றினால் ராஸ்பெரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரில் வால்யூமியோ அல்லது மூட் என்கிற பாட்டு மென்பொருளை ஏற்றி டிஏசியில் சொருகுங்கள். இல்லை, எனக்கு ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால் ஏர்ப்ளே, கூகுள் காஸ்ட், யூபிஎன்பி மாதிரி எந்த ஆப்பிலிருந்தும் பாட்டு அனுப்புகிற பொதுவான வழிகளில் குறைந்தபட்சம் இரண்டு வழிகளாவது அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கம்பெனி ஆப் கைவிட்டாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகளுக்கும் சிடிக்கும் உண்மையில் வித்தியாசம் தெரியுமா? தெரியும் என்று என் நண்பர் சத்தியம் செய்கிறார்.

பதில்: நண்பர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் கேட்பது 192-ஐத்தானா என்பதுதான் சந்தேகம்.

1982-ல் சிடி வந்தபோது வைத்த கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதுவது. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதி வரைக்குமான ஒலியை முழுதாக மீட்டுவிடலாம் என்பது விதி. அப்படியென்றால் சிடியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது, மனிதக் காதுக்கு இளவயதிலேயே 20-தான் எல்லை, வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். 16 பிட்டில் மிகச் சன்னமான ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையில் ஏறக்குறைய 96 டெசிபல் கிடைக்கிறது. வீட்டில் மின்விசிறி ஓடும்போது இதையே முழுதாகப் பயன்படுத்த முடியாது. 24 பிட்டுக்குக் காகிதத்தில் 144 டெசிபல் வரும், ஆனால் அவ்வளவையும் வெளியே கொடுக்கிற டிஏசி கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் அவசியம், அங்கே இன்னும் கலக்க வேண்டும், ஏற்ற இறக்க வேண்டும். அது வேறு கதை.

சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், எஸ்ஏசிடி போன்ற உயர்தர வட்டுகளின் ஒலியை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும், எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். கேட்டவர்கள் 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள், அதாவது பூவா தலையா போட்டதுபோல. பிறகு 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதில் 52.3 சதவீதம் சரியான பதில் வந்தது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஆனால் மிகச் சின்ன வித்தியாசம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வித்தியாசம் இருந்தால்கூட அது சமையலறையில் இருப்பவர் கேட்டுவிட்டு ஓடிவந்து பாராட்டுகிற வகை இல்லை.

அப்படியானால் நண்பர் கேட்டது என்ன? பல ஹை-ரெஸ் வெளியீடுகள், அதாவது சிடியைவிடப் பெரிய எண்களில் வருபவை, வேறு மாஸ்டரிலிருந்து (வெளியீட்டுக்குத் தயார்செய்த மூலப் பதிவு) வருகின்றன. சிடிக்குச் சத்தத்தை ஏற்றி நசுக்கியிருப்பார்கள், இதற்கு நசுக்காமல் விட்டிருப்பார்கள், சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். அந்த ஹை-ரெஸ் கோப்பையே நீங்கள் 16 பிட், 44.1-க்கு மாற்றி அதையும் இதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இப்போதும் தெரிகிறது என்றால் எனக்கு எழுதுங்கள். தெரியாவிட்டால், அந்த மாஸ்டருக்காகத் தாராளமாக வாங்குங்கள், எண்ணுக்காக வேண்டாம்.

கேள்வி: டிஏசியில் யூஎஸ்பி, கோஆக்சியல், ஆப்டிகல் மூன்றும் இருக்கின்றன. எதில் இணைப்பது?

பதில்: கோஆக்சியலிலும் (செம்பு ஒயர்) ஆப்டிகலிலும் (ஒளி போகிற ஒயர்) பாட்டோடு சேர்ந்து அதன் நேரக்கணக்கும் அனுப்புகிற பெட்டியிலிருந்தே வருகிறது. அதாவது டிஏசி தன் கடிகாரத்தை வருகிற சிக்னலைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஜிட்டர் என்கிற சின்னத் தடுமாற்றம் நுழைவது அந்த இடத்தில்தான். இன்றைய யூஎஸ்பி டிஏசிகள் பெரும்பாலும் அசின்க்ரனஸ் வகை, அதில் டிஏசியின் கடிகாரம்தான் எஜமான், கம்ப்யூட்டர் அது கேட்கிற வேகத்தில் கொடுக்க வேண்டும். கொள்கையில் இதுவே நல்லது. ஆனால் யூஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரின் மின் இரைச்சலும் சேர்ந்து வரலாம். ஸ்பீக்கரில் 'உய்ங்' என்றோ, மவுஸை அசைத்தால் கரகரவென்றோ கேட்டால் ஆப்டிகலுக்கு மாறுங்கள், அதில் மின் தொடர்பே இல்லை, வெளிச்சம்தான் போகிறது. ஆப்டிகலில் பல கருவிகள் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மேலே சொன்னதைப் படித்தவர்கள் அதற்காகக் கவலைப்படமாட்டார்கள்.

யூஎஸ்பி ஒயருக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். ஒயரில் பிழை வந்தால் டக் டக் என்று சத்தம் வரும், பாட்டு அறுந்து போகும். பேஸ் மட்டும் நைசாக மெலிந்து போகாது.

கேள்வி: ஷோரூமில் இரண்டு டிஏசிகளை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று தெளிவாக உயிரோட்டமாக இருந்தது. காது பொய் சொல்லுமா சார்?

பதில்: காது சொன்னது உண்மைதான், ஒன்று சத்தமாக இருந்திருக்கும். ஒரு டிஏசி 2 வோல்ட் கொடுக்கிறது, பக்கத்திலிருப்பது 2.5 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள், ஏறக்குறைய 2 டெசிபல் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் மூளை 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு கூட' என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டுமென்றால் சாதாரண மல்ட்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, ஒரே டெஸ்ட் டோனை இரண்டிலும் ஓடவிட்டு, வோல்ட்டேஜ் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிற வரை வால்யூமைத் திருத்துங்கள். அப்புறம் எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்ற வேண்டும். நான் இப்படிச் செய்துபார்த்த அன்று, இரண்டு வருடமாகப் புகழ்ந்துகொண்டிருந்த ஒரு பெட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன்.

கேள்வி: ஆர்2ஆர் டிஏசி நல்லதா, டெல்டா-சிக்மா நல்லதா?

பதில்: எண்களை மின்னழுத்தமாக்க முதலாவது மின்தடைகளை ஏணிபோல அடுக்கும், இரண்டாவது அதிவேகத் துடிப்புகளைப் பயன்படுத்தும். அளந்து பார்த்த எண்கள் நன்றாக இருக்கிற எதுவும் நல்லதுதான். ஆர்2ஆர் பெட்டிகள் பார்க்க அழகு, மறுக்கவில்லை.

கேள்வி: என் ஸ்ட்ரீமிங் ஆப்பில் லாஸ்லெஸ், அதாவது எதையும் இழக்காதது, என்று காட்டுகிறது. ஸ்பீக்கர் வரை அப்படியே வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டிஏசியின் முகப்பில் எண்ணோ நிற விளக்கோ இருந்தால் அதைப் பாருங்கள். 44.1 பாட்டு ஓடும்போது 48 என்று காட்டினால் நடுவில் விண்டோஸோ ஆண்ட்ராய்டோ கைவைத்திருக்கிறது. ஆப்பில் எக்ஸ்க்ளூசிவ் மோட் (டிஏசியை ஆப் மட்டும் நேரடியாகப் பயன்படுத்துவது) இருந்தால் போட்டுவிடுங்கள், ஆப்பின் வால்யூமை முழுதாக வைத்து ஆம்ப்பில் குறையுங்கள், சத்தத்தைச் சமப்படுத்தும் நார்மலைசேஷனையும் அணையுங்கள். இந்த மாற்றம் காதுக்குத் தெரிவது அபூர்வம்தான், ஆனால் காசு செலவில்லாத வேலை, செய்துவிட்டு நிம்மதியாகக் கேட்கலாம். போனிலிருந்து ப்ளூடூத்தில் போனால் பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்டாக் என்கிற ப்ளூடூத் முறை உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட் அனுப்புகிறது, சிடிக்கு வேண்டியது 1,411. ஏதோ ஒன்றை விட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: எம்க்யூஏ வசதிக்காகவே ஒரு டிஏசி வாங்கினேன். வீண்தானா?

பதில்: எம்க்யூஏ, ஹை-ரெஸ் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற ஒரு முறை, 2014-ல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு வந்தது. 2023-ல் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கிக் கைமாறியது, 2024-ல் டைடல் என்கிற ஸ்ட்ரீமிங் சேவை அதை எடுத்துவிட்டு ஃப்ளாக் என்கிற லாஸ்லெஸ் கோப்பு வகைக்கு மாறியது. உங்கள் டிஏசி ஃப்ளாக்கையும் மற்ற எந்த டிஏசியும்போல நன்றாகவே வாசிக்கும். முகப்பில் இருக்கிற எம்க்யூஏ விளக்கு மட்டும் டைடலில் இனி எரியாது.