கேள்வி-பதில்: ஆய்வுக்கு எது முதலில்?

கேள்வி: வேலையிடத்து ஆபத்துகளில் எதை முதலில் ஆராய வேண்டும் என்பதை ஒரு நாடு எப்படி முடிவு செய்கிறது? அறிவியலாளர்கள் மட்டுமே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்களா?
- வாசகி, கோவை

பதில்: அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான 'நையோஷ்' என்னும் அரசு ஆய்வு நிறுவனம், தொழிற்சங்கங்கள், முதலாளிகள், மருத்துவர்கள், பல்கலைக்கழகங்கள் என ஏறத்தாழ 500 அமைப்புகளிடமும் தனிநபர்களிடமும் கருத்துக் கேட்டு, 1996இல் 21 துறைகளைக் கொண்ட தேசிய ஆய்வுத் திட்டத்தை வெளியிட்டது. ஓர் ஆபத்து எவ்வளவு கடுமையானது, எத்தனை தொழிலாளர்களைத் தொடுகிறது, ஆய்வு செய்தால் உண்மையிலேயே அது குறையுமா என்பவை அப்போதைய அளவுகோல்களுள் சில. கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது என்பேன். அதைக் கேட்காவிட்டால் பணம் ஆய்வறிக்கைகளாகவே முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் காது கேளாமை, முதுகுவலி, ஆஸ்துமா, தோல் அழற்சி போன்ற அன்றாடத் தொல்லைகள் இருந்தன. கூடவே, வேலை நேரமும் பணிச்சுமையும் அமைக்கப்படும் விதமும் ஆய்வுப் பொருளாக இடம்பெற்றது. 2006இல் இந்த அணுகுமுறை மாறியது: நோய், பணிச்சூழல் எனத் தலைப்புவாரியாகப் பார்ப்பதை விட்டு, கட்டுமானம், சுரங்கம், வேளாண்மை எனத் தொழில்வாரியாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சாரத்திலிருந்து விழும் கட்டுமானத் தொழிலாளியின் சிக்கலும் டிராக்டர் கவிழ்ந்து சாகும் விவசாயியின் சிக்கலும் வேறு வேறு என்பதால், அந்த மாற்றம் சரியானதே.