பழைய ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கு டயரும் வீலும் மாற்ற வேண்டும். குன்னூர் மலைப்பாதைக்கு எது சரி?

கேட்டவர் சொன்ன விவரம் இது: மாமாவிடமிருந்து வந்த 1968 ஸ்பிட்ஃபயர், மார்க் 3. பல வருடம் ஷெட்டில் நின்றதில் டயரெல்லாம் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. நண்பர்கள் 15 இன்ச் அலாய் வீலும் அகலமான டயரும் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். டயர் கடைக்குப் போய் "பழைய வேகன் ஆருக்கு 13 இன்ச்" என்று கேட்டு ஐந்து டயர் வாங்குங்கள். ஏன் ஐந்து என்று அப்புறம் சொல்கிறேன்.

எனக்கும் அதே மார்க் 3தான். பன்னிரண்டு வருடமாகக் குன்னூரில் வைத்திருக்கிறேன். செய்யக்கூடாததையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது.

முதலில் அளவு. ரேடியல் (இன்று எல்லாக் கார்களிலும் வரும் டயர் வகை) போட்ட ஸ்பிட்ஃபயர் டயரில் 145 எஸ்ஆர் 13 என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; ஆர் என்றால் ரேடியல்; 13 என்பது வீலின் விட்டம், இன்ச்சில். பின்னால் வந்த மாடல்களில் 155 எஸ்ஆர் 13. இன்றைய டயரில் இருப்பதுபோல் நடுவில் 70, 60 என்று எதுவும் இருக்காது. அந்தக் காலத்தில் அந்த எண் இல்லையென்றால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் என்று அர்த்தம். ஆக, உங்களுக்கு வேண்டியது 145/80 ஆர் 13. பழைய வேகன் ஆரின் அளவு அதேதான். 2019க்குப் பின் வந்த வேகன் ஆரில் 13 இன்ச் வீல் உள்ளதற்கு 155/80. லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த டயர் மேட்டுப்பாளையத்தில் அடுக்கி வைத்திருக்கிறது! எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்ற குறி. நம் வண்டி அந்தப் பக்கமே போகாது.

மாருதி ஜென் டயரும் 13 இன்ச்தானே என்று யாராவது சொல்வார்கள். அது 145/70. விட்டம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் குறையும். ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம் கூடக் காட்டும், எஞ்சின் அதே அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும், ஏற்கெனவே தரையை உரசுகிற சைலன்சர் இன்னும் இறங்கும். வெளிநாட்டு கிளாசிக் டயர் அழகுதான். ஆனால் 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் உரிமம் தேவை. ஐந்து டயருக்காக அந்த அலைச்சல் எதற்கு?

இப்போது அகல டயர் விஷயம். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடிந்து, வெட்கப்பட்டுக் காலை ஒடுக்கிக்கொண்ட மாதிரி நிற்கும். மார்க் 3 வரைக்கும் பின் ஆக்சில் அப்படி: டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸில் அசையாமல் இருக்கும், அதிலிருந்து இரண்டு பக்கமும் தண்டு மேலும் கீழும் ஆடும், தண்டு ஆடும்போது சக்கரமும் சாயும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் அப்படியே உள்ளே மடங்கும். அதற்கப்புறம் வண்டி நம் கையில் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், டயர் எவ்வளவு கெட்டியாக ரோட்டைப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அந்த எழும்பும் விசையும் கூடும். ஒல்லி டயர் என்றால் அந்த நிலைக்குப் போகும் முன்பே கொஞ்சம் வழுக்கி, "போதும்டா" என்று சொல்லிவிடும். அந்த எச்சரிக்கை எனக்கு வேண்டும். ட்ரயம்ப்காரர்களே அடுத்து வந்த மார்க் 4இல் பின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றினார்கள். உங்களுடையது அதற்கு முந்தியது.

இன்னொன்று, இந்த வண்டியின் பெருமையே ஸ்டியரிங்கை நிறைய ஒடித்துத் திருப்ப முடிவதுதான். சுமார் 24 அடி வட்டத்தில் திரும்பிவிடும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டிகள் திணறுகிற இடத்தில் நாம் பென்சில் செதுக்குகிற மாதிரி ஒரே சுற்றில் திரும்பலாம். அகல டயர் போட்டால் முழு ஒடிப்பில் உள்பக்கம் உரசும். உரசாமல் இருக்க ஸ்டியரிங்கைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும். மலையில் ஓட்டுகிறவன் அதையா விட்டுக்கொடுப்பான்?

சரி, வீல். என் மானம் போன கதை இங்கேதான்.

ஸ்பிட்ஃபயரில் நான்கு போல்ட். அந்த நான்கும் அமைந்த வட்டத்தின் விட்டம் 95.25 மில்லிமீட்டர், அதாவது மூன்றே முக்கால் இன்ச். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு போல்ட் அலாய் 100 மில்லிமீட்டர். கோயம்புத்தூரில் ஒரு கடையில் எட்டு ஆரம் போட்ட, பழைய மினிலைட் ரேஸ் வீல் மாதிரியான 13 இன்ச் அலாய் பார்த்தேன். மனசு விழுந்துவிட்டது. கடைக்காரர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல சார், ராவிப் போட்டுரலாம்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், ஓட்டைக்கு 2.4 மில்லிமீட்டர், ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) குறைவு. அரம் வைத்து ஓட்டையை நீள்வட்டமாக்கினார்கள். மாட்டினார்கள். வண்டி ஜம்மென்று இருந்தது.

திரும்பிக் குன்னூருக்கு ஏறும்போது, பர்லியார் தாண்டி மூன்றாவது வளைவிலோ நாலாவதிலோ ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். ரோடு சரியில்லை என்று நினைத்தேன். காட்டேரி வருவதற்குள் "டொக்... டொக்..." என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் இரண்டு நட் விரலாலேயே சுழல்கிறது. போல்டின் மரையில் அலாய் உரசி வெள்ளி மாதிரி மின்னுகிறது. அந்த போல்ட் வெறும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குத் தடிமன், சுண்டுவிரல்கூட இல்லை. இந்த வண்டியில் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனை. அது போய் உட்கார ஓட்டையைச் சுற்றி வட்டமான சரிவு வேண்டும். ராவியதும் அந்தச் சரிவு போச்சு; நட் பாதி காற்றில் நிற்கிறது. நீலகிரி மலை ரயில் சங்கு ஊதிக்கொண்டு எங்கேயோ மேலே போனது. நான் ரோட்டோரம் நட்டை முறுக்கி, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி நிறுத்தி முறுக்கி, அப்படியே வீடு வந்தேன். அந்த அலாய்களில் இரண்டு இப்போது தோட்டத்தில் பூந்தொட்டிக்கு முட்டு.

அதனால் அலாய் வேண்டுமென்றால் 95.25 என்று தயாரிப்பிலேயே துளையிட்டதாக, அதற்கான நீள போல்டும் நட்டும் சேர்த்து வாங்குங்கள். ராவுவது, அடாப்டர் வளையம், எதுவும் வேண்டாம்.

இல்லையென்றால் நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் என்பது ட்ரயம்ப்பின் இன்னொரு காரான ஹெரால்டின் அடித்தளத்தில் உருவான வண்டி. அந்த ஹெரால்டு அறுபதுகளில் சென்னையிலேயே தயாரானது. ஹெரால்டு இரும்பு வீல் அப்படியே மாட்டும். கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நான் இரண்டு மாதம் தேடி நல்லதாக ஆறு பொறுக்கினேன். பார்க்க வேண்டியது: விளிம்பும் நடுத்தட்டும் சேரும் இடத்தில் துரு, போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல். அப்புறம் வீலை மாட்டிச் சுற்றவிட்டு, பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடியுங்கள். ஒரே இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் வளைந்திருக்கிறது. பெயின்ட் அடிப்பவரிடம் நட் உட்காரும் இடத்தில் பூச்சு வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அடித்துவிடுவார். தடித்த பூச்சு அமுங்கினால் நட் தளரும்.

இந்தப் பழைய ரிம்களில் ட்யூப்லெஸ் டயரின் ஓரத்தைத் தாங்கும் மேடு கிடையாது. டயரில் ட்யூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ட்யூப் போடுங்கள். உங்கள் மாமா வண்டியில் கம்பி வீல் இருந்தால் அதற்கும் ட்யூப் கட்டாயம். ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, சொத்தென்று கேட்டால் தளர்ந்தது. இல்லாதவர் புதிதாகக் கம்பி வீலுக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி.

காற்று: முன்னால் 21 பவுண்டு, பின்னால் 26. அச்சுப் பிழை இல்லை. முன்பக்கம் குறைவாக வைத்தால்தான் வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வராது. பங்கில் பையனிடம் சொன்னால், "இருபத்தொண்ணா? ஃப்ளாட்டா இருக்குண்ணா" என்று நாலுக்கும் முப்பது அடித்துவிடுவான். சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் அடித்துவிட்டு 1,500 மீட்டர் ஏறி வந்தால் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பவுண்டுக்கு மேல் கூட்டிக் காட்டும். குன்னூர்க் குளிர் அதில் ஒரு பவுண்டைத் தின்னும். காலையில், வண்டி எடுக்கும் முன், வீட்டு வாசலில் அளப்பதுதான் கணக்கு.

கடைசியாக, வயது. நம் மாதிரி வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. பக்கச்சுவரில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஆறு வருடம் ஆனால் வருடா வருடம் காட்டுங்கள், பத்து ஆனால் பூ மாதிரி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஐப்பசி மழையில் யூகலிப்டஸ் இலை அப்பிக் கிடக்கும் ரோட்டில் இறுகிப்போன ரப்பர் கண்ணாடி மேல் சோப்பு.

ஐந்தாவது டயருக்கு வருகிறேன். வண்டி வாங்கிய புதிதில் நாலும் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோத்தகிரி போகும் வழியில் பஞ்சர். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தால் பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கிறது, தேதியில் மட்டும் மூன்றே இலக்கம். மூன்று இலக்கம் என்றால் 2000க்கு முந்தியது. அதை மாட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்த என்னை, தேயிலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடித்து முந்திப் போனது.